கண்காட்சிக்கு வராத கிதாபுகள்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நெருங்கும்போது நமக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்குகின்றன. 1973ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரபியைத் தன் மொழிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்நாளை உலக அரபி மொழி நாள் என 2012 முதல் யுனெஸ்கோ கொண்டாடி வருகிறது. அதனையொட்டி நம் பகுதிகளிலும் விழாக்கள் நடக்கின்றன. ஒரு மண்டபத்தில் எழுத்தணிக் கண்காட்சி; இன்னொரு மண்டபத்தில் அரபிப் பேச்சு வகுப்பின் தொடக்கம். "மூன்று திங்களில் அரபி பேசலாம்" என்று சுவரொட்டி கூறுகிறது. "அரபுப் பண்பாட்டை அறிவோம், வாரீர்!" என்று அழைப்பிதழ் கூறுகிறது.

நாம் இவற்றுக்குப் பகைவரல்லேம். அரபி நம் மறையின் மொழி. நம் தொழுகையின் மொழி. அதனைக் கற்க ஒரு வகுப்புத் திறக்கப்படுமாயின் முதலில் மகிழ்வோருள் நாமும் இருப்போம். நாம் வழக்காடுவது வேறொன்றைக் குறித்து. அரபுப் பண்பாடு என்பது கடல் கடந்து இப்போதுதான் நம் கரைக்கு வந்து இறங்கும் சரக்கு என்பதுபோல் இவ்விழாக்கள் நடத்தப்படுகின்றனவே, அதனைக் குறித்தே வழக்காடுகிறோம்.

சில காலத்திற்குமுன் அத்தகைய கண்காட்சி ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயரும் நடத்தியோர் பெயரும் இங்கு வேண்டா. நாம் குறை காண்பது ஒருவரையன்று, ஒரு போக்கையே. மண்டபம் அழகாகத்தான் இருந்தது. பொன்மை பூசிய சட்டங்களுக்குள் திருவசனங்கள் மின்னின. நீண்ட மூக்குடைய காப்பிக் குடுவை ஒன்று பட்டுத்துணிமேல் வீற்றிருந்தது. பாலைவன மணல்மேடும் ஒட்டகமும் படமாகத் தொங்கின. வந்தோர்க்கெல்லாம் பேரீச்சம்பழம் வழங்கினர். மூங்கிற் பேனாவால் வந்தவர் பெயரை அரபியில் எழுதித் தரும் இளைஞர் ஒருவர்முன் பெருவரிசை நின்றது. நாமும் வரிசையில் நின்று நம் பெயரை எழுதி வாங்கிக்கொண்டோம். அதில் நமக்கு வெட்கமில்லை. பிறகு அவரிடமே கேட்டோம்: "தம்பி, கீழக்கரை, காயல்பட்டணத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் எதையும் காணோமே?"

அவர் பணிவாகவே விடை சொன்னார்: "அது அசல் அரபி இல்லையே, மாமா. தமிழைத்தானே அரபி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்?"

அத்தம்பியின்மீது நமக்குக் கோபமில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் திருப்பிச் சொன்னார். ஆயினும் அந்த விடை நம்மை வீடு வரையில் தொடர்ந்து வந்தது. இக்கட்டுரை அந்த விடைக்கு நாம் எழுதும் மறுப்பாகும்.

முதலில் அந்த மண்டபத்தின் சுவர்களையே பார்ப்போம். அங்கே தொங்கியவற்றுள் சில நஸ்தலீக் முறையில் எழுதப்பட்டவை. நஸ்தலீக் எங்கே பிறந்தது? ஈரானில், பாரசீகம் எழுதுவதற்காக. வேறு சில, தோணிகளைப்போல் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்லும் தீவானி முறையில் அமைந்தவை. தீவானி எங்கே வளர்ந்தது? உதுமானியத் துருக்கியரின் அரண்மனை அலுவலகத்தில். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அரபி எழுத்தணிக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 16 நாடுகள் கூடி அதற்கு விண்ணப்பித்திருந்தன. அதே ஆண்டு துருக்கி தன் எழுத்தணிக் கலையைத் தனியாகவும் அப்பட்டியலில் ஏற்றிக்கொண்டது. ஆக, அசல் அரபியைத் தவிர வேறொன்றையும் தொங்கவிடமாட்டோம் என்று சொன்ன சுவரில் பாதி, பாரசீகரும் துருக்கியரும் தந்ததாக இருந்தது! அவர்கள் அரபி எழுத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டபோது அது கலை. நாம் அதையே செய்தபோது மட்டும் கலப்படம். இது என்ன கணக்கு?

பாரசீக மொழிக்கு வேண்டிய ஒலிகள் சில அரபியில் இல்லை. அவர்கள் நான்கு எழுத்துகளைப் புதிதாக ஆக்கிச் சேர்த்துக்கொண்டனர். மலாய்க்காரர் தம் ஒலிகளுக்கு வேண்டியவற்றைச் சேர்த்து ஜாவி எழுத்தை அமைத்தனர்; திரங்கானுவில் கிடைத்த கல்வெட்டு அவ்வெழுத்துக்கு 1303ஆம் ஆண்டிலேயே சான்று கூறுகிறது. மலேசியா அக்கல்லை நாட்டின் பெருமையாகப் போற்றுகிறது. கிழக்காப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழிக்கும் அரபி எழுத்தே நெடுநாள் ஆடையாக இருந்தது. உருதுவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? உருதுக் கவிதையை அவ்வெழுத்தில் காண்கையில் நம்மவர் கண்கள் பனிக்கின்றன. தமிழை அவ்வெழுத்தில் கண்டால் மட்டும் முகம் சுளிக்கின்றன.

இனி, நம் முன்னோர் ஏன் இதைச் செய்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விளையாட்டுக்காகவோ தமிழ்மீது வெறுப்பினாலோ செய்தாரல்லர். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தில் "கல்பு" என்று எழுதுகிறோம். அது காஃபினால் தொடங்கினால் ஒரு பொருள், கடினமான காஃபாகிய 'க்'காஃபினால் தொடங்கினால் வேறு பொருள். ஒன்று நாய், மற்றொன்று நெஞ்சம். நெஞ்சத்தைத் தூய்மை செய்க என்று ஓர் ஆலிம் தமிழெழுத்தில் எழுதினால், படிப்பவர் நாவில் அது என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! ஹாவுக்கும் காவுக்கும், ஸீனுக்கும் ஸாதுக்கும், தாலுக்கும் ளாதுக்கும் வேறுபாடு காட்டத் தமிழ் எழுத்துக்கு வழியில்லை. அது தமிழின் குறையன்று. அந்த ஒலிகள் தமிழுக்கு வேண்டியிருக்கவில்லை. மார்க்கச் சட்டம் எழுதுவோருக்கோ அவை வேண்டும்.

மறுபுறம், அரபியில் எகர ஒகரங்கள் இல்லை, டகரம், ணகரம், ளகரம், ழகரம், றகரம் இல்லை, பகரமும் இல்லை. ஆகவே அரபியின் 28 எழுத்துகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றின் மேலும் கீழும் புள்ளிகள் கூட்டித் தமிழுக்கு வேண்டிய எழுத்துகளை நம் முன்னோர் உண்டாக்கினர். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறிகள் கண்டனர். இரு மொழியின் ஒலியையும் ஒன்றுக்கொன்று இடறாமல் ஒரே வரியில் ஓடவிட்ட அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மொழியறிவில் நமக்கு இளைத்தவர்களா? இலக்கண நூலார் ஒருவர் இதனைச் செய்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். சிலை நமக்கு ஆகாது; ஒரு கண்ணாடிப் பேழையாவது ஆகக்கூடாதா?

அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்கப்பட்ட இவ்வெழுத்தால் மிகுந்த பயன் பெற்றவர் நம் பெண்மக்கள். பள்ளிக்கூடத்தின் வாசலையே காணாத சிறுமி, வீட்டில் ஓதிக் கொடுக்கும் ஆசிரியையிடம் குர்ஆன் ஓதக் கற்றாள். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டது. மேலும் சில புள்ளிகளை அறிந்துகொண்டால் தன் தாய்மொழி நூல் முழுவதும் அவள்முன் திறந்துவிடும். தொழுகையின் ஒழுங்கு, நோன்பின் சட்டம், நபிமார் வரலாறு, தாலாட்டு, மருத்துவக் குறிப்பு, கணவனுக்குக் கடிதம் எல்லாம் அவ்வெழுத்திலேயே நடந்தன. பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதத்தைப் பிறர் வாயால் கேட்க வேண்டிய இழிநிலை அவளுக்கு இல்லை. தமிழில் கையெழுத்திடத் தெரியாதவள் என்று உலகம் அவளைத் தற்குறிப் பட்டியலில் சேர்த்திருக்கும். அவளோ மதிய உணவுக்குப்பின் அண்டை வீட்டுப் பெண்களை உட்காரவைத்துக் கிதாபு படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் படித்த கிதாபுகளை எழுதியவர்கள் சிறியோரல்லர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நாம் அழைக்கும் இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர்கள். காயல்பட்டணத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து, அங்கே மத்ரஸா நிறுவி, இலங்கைக்கும் பலமுறை சென்று பள்ளிவாசல்கள் எழக் காரணமாயிருந்தவர்கள். அன்னார் எழுதிய "மஃகானீ"யும் "ஃபத்ஹுத் தய்யா"னும் தமிழ் பேசும் முஸ்லிம்களின் இல்லங்களில் சட்டநூலாகவே வழங்கின. ஃபத்ஹுத் தய்யானை ஆங்கிலத்தில் பெயர்த்து 1963இல் கொழும்பில் வெளியிட்டார்கள். ஆங்கிலேயனின் மொழிக்குப் போய்ச் சேர்ந்த நூல், நம் கண்காட்சி மண்டபத்தின் படிக்கட்டை ஏறமுடியவில்லை.

சரி, தமிழைத்தானே எழுதினார்கள் என்ற தம்பிக்கு இன்னொரு விடையும் உண்டு. தமிழை மட்டும் எழுதவில்லை, தம்பி! 1632 முதல் 1703 வரை வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை உமறுப்புலவர் வரலாற்றோடும் சீதக்காதி வரலாற்றோடும் இணைத்தே நாம் நினைக்கிறோம். அவர்கள் அரபிப் பெருங்கவிஞர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழும் "வித்ரிய்யா" என்னும் பாக்தாதுப் புலவரின் அரபிப் பாடலுக்கு அன்னார் "தக்மீஸ்" யாத்தார்கள். தக்மீஸ் என்பது எளிய வேலையன்று. பழம்புலவர் பாடிய ஈரடிக்கு முன்னே மூன்றடிகளைத் தாம் பாடிச் சேர்த்து, ஐந்தும் ஒருவரே பாடியதுபோல் யாப்பும் இயைபும் பொருளும் பொருந்தச் செய்ய வேண்டும். ஓரடி இடறினால் பாக்தாதுப் புலவர் ஒருபுறம் நிற்பார், நம்மவர் ஒருபுறம் நிற்பார், ஒட்டு தெரிந்துவிடும். அதை நூல் முழுவதும் செய்து முடித்தார்கள், இந்தத் தென்கோடிக் கரையில் இருந்துகொண்டு. இதுவும் அசல் அரபி இல்லையோ?

"அசல்" என்ற சொல்லே அரபிதான் என்பதை அத்தம்பி அறிந்திருப்பாரோ என்னவோ. அதன் எதிர்ச்சொல்லாகிய நகலும் அரபியே. வசூல், பாக்கி, வக்கீல், ஆஜர், ரத்து, ஜப்தி, ஷரத்து, தாசில், ஜில்லா, இனாம், மகசூல், கைதி என்று நீதிமன்றத்திலும் வருவாய்த்துறையிலும் அன்றாடம் புழங்கும் சொற்கள் அரபி வேரின. சாதி மதம் பாராமல் தமிழர் அனைவரும் இவற்றைப் பேசுகிறார்கள். வேடிக்கை என்னவெனில், ஊரார் அரபிச் சொல்லால் வரி வசூல் செய்துகொண்டிருந்தபோது நம் முன்னோர் தூய தமிழால் தொழுதார்கள், நோன்பு பிடித்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், ஓதினார்கள், பெருநாள் கொண்டாடினார்கள். நாட்டின் பிற பகுதி முஸ்லிம்கள் நமாஸ் என்றும் ரோஸா என்றும் பாரசீகம் பேசிக்கொண்டிருக்க, தொழுகை, நோன்பு என்று தமிழை வைத்திருந்தவர்கள் நாம். இரண்டு மொழியையும் இரண்டு கண்ணாக வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று ஒரு கண்ணைக் கண்காட்சியில் வாங்கப் போகிறார்கள்.

மொழி வகுப்புகளுக்கு வருவோம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் நம் இளைஞர்களை அழைத்தன. கீழக்கரையும் காயல்பட்டணமும் அதிராம்பட்டினமும் மட்டுமல்ல, நெல் விளையும் உள்நாட்டு ஊர்களும் அங்கே பிள்ளைகளை அனுப்பின. அங்கே பிழைக்கப் பேச்சரபி வேண்டும். கடையில் விலை சொல்லவும், மேலாளரிடம் விடுமுறை கேட்கவும், மருத்துவமனையில் வலிக்கும் இடத்தைக் காட்டவும் நாலு சொல் கற்றுக்கொடுக்கும் வகுப்பை நாம் எள்ளமாட்டோம். அதில் பலருடைய கஞ்சி இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் பிழைப்பு மொழி வகுப்பு. அதன் நெற்றியில் "அரபுப் பண்பாடு" என்று ஒட்டுவதைத்தான் மறுக்கிறோம். பண்பாட்டைக் கற்பிக்க வந்த வகுப்பு, அரபியில் ஒரு கதாசிரியர் பெயரையாவது, ஒரு கவிஞர் பெயரையாவது மாணவர் காதில் போட வேண்டாமா? 1988இல் நோபல் பரிசு பெற்ற கெய்ரோவின் நஜீப் மஹ்ஃபூழைப் போடலாம். பெய்ரூத்தில் அரபிக்குப் பேரகராதி தொகுத்த புத்ருஸ் அல்புஸ்தானியைப் போடலாம். அவர் கிறிஸ்தவர், அரபு என்றால் முஸ்லிம் என்று மட்டுமே எண்ணும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பெயரே ஒரு பாடம். ஓவியமும் அப்படியே. பக்தாது நகரின் நடுவே 1961 முதல் நிற்கும் ஜவாத் சலீமின் விடுதலைச் சின்னத்தைப் பற்றி ஒரு படமாவது காட்டிய கண்காட்சியை நாம் இன்னும் காணவில்லை. ஒட்டகத்தை மட்டும் தவறாமல் காண்கிறோம்.

நம்மோடு வாழ்ந்த அரபுக் கவிஞர் ஒருவரையே நாம் மறந்துவிட்டபோது வெளியூர்க் கவிஞரைக் குறித்து முறையிட்டு என்ன பயன்? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1882இல் எகிப்தை ஆங்கிலேயர் படைகொண்டு பிடித்தனர். எதிர்த்து நின்ற அஹ்மது உராபி பாஷாவையும் அவருடைய தோழர் அறுவரையும் இலங்கைக்கு நாடு கடத்தினர். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அவர்களைப் பார்க்கத் துறைமுகத்தில் திரண்டனர். அதற்கு முந்தைய ஆண்டில் கண்டி வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" இதழைத் தொடங்கியிருந்தார். அவரும் உராபி பாஷாவும் கலந்து பேசியதன் பயன் வீண்போகவில்லை. மார்க்கக் கல்வியோடு புதுக்கல்வியும் தரும் மத்ரஸா ஒன்று 1892இல் மருதானையில் எழுந்தது; அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. உராபி 1901இல்தான் தாயகம் திரும்பினார்.

அந்த எழுவருள் ஒருவர் மஹ்மூத் சாமி அல்பாரூதி. 1882இல் எகிப்தின் தலைமை அமைச்சராயிருந்தவர். அதைவிடப் பெரிது, புது அரபிக் கவிதையின் விடிவெள்ளி என்று அரபு உலகம் அவரைக் கொண்டாடுவது. சொல்லணிச் சுமையில் சோர்ந்து கிடந்த அரபிக் கவிதைக்குப் பழம்புலவர்களின் மூச்சை மீட்டுக் கொடுத்தவர் அவர். ஷௌக்கியும் ஹாஃபிழ் இப்ராஹீமும் அவர் வெட்டிய தடத்தில் வந்தவர்கள். வாளுக்கும் பேனாவுக்கும் உரியவர் என்று அவரை அழைப்பர். அத்தகையவர் 1899 வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள், இலங்கையில் கழித்தார். மனைவி இறந்த செய்தி கடல் தாண்டி அங்கேதான் அவரை வந்தடைந்தது. அந்தப் பிரிவையும் நாட்டின் ஏக்கத்தையும் அங்கிருந்தே பாடினார். அவருடைய செரந்தீபுப் பாடல்கள் இன்று கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் மாணவர்க்குப் பாடம். கண்பார்வை மங்கிய நிலையில் ஊர் திரும்பி 1904இல் காலமானார்.

புது அரபிக் கவிதையின் ஒரு பகுதி, தமிழில் பாங்கோசைக்கு விளக்கம் சொல்லும் மக்களின் தெருக்களுக்கு நடுவே எழுதப்பட்டது! இதைவிட நமக்கு நெருக்கமான அரபுப் பண்பாடு எது? ஆயினும் பத்து வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாரூதியின் பெயரை அறிந்த மாணவர் ஒருவர் கிடைப்பாரா என்று. உராபியும் தோழரும் அணிந்த துருக்கித் தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே பெருவழக்காயிற்று. 1905இல் அத்தொப்பியைக் கழற்றாமல் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காக ஒரு கிளர்ச்சியே நடந்தது. தொப்பியைப் பற்றிக்கொண்டோம். பேனாவைக் கண்டுகொள்ளவில்லை.

நமக்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

அரபுத்தமிழ் செத்துவிட்டது, செத்ததை ஏன் தோண்டுகிறீர் என்பர் சிலர். அதில் இனி எழுதுங்கள் என்று நாம் சொல்லவே இல்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். தமிழ் எழுத்து எல்லார்க்கும் வந்தது. தமிழ் அச்சகங்கள் பெருகின. அதனால் அரபுத்தமிழ் எழுதுவது குன்றியது, அது நன்மைக்கே. எழுதுவது நின்றால் படிப்பதும் நிற்க வேண்டுமா? தமிழ்ப் புலவர் பழைய வட்டெழுத்தைப் படிக்கக் கற்கவில்லையா? குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இதனைச் சில நாள் மாலையில் கற்பித்துவிடலாம். வேற்று மொழி எதையும் கற்கவேண்டியதில்லை. அவர் தாய்மொழிதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

அக்கிதாபுகளில் ஆதாரமற்ற கதைகளும் கலந்துள்ளன என்பர் வேறு சிலர். இருக்கலாம், இருக்கின்றன. ஒரு நூலை மறுக்க விரும்புவோர் முதலில் அதனைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாமலே மறுப்பது எந்த ஆய்வு முறை? இமாமுல் அரூஸோடு கருத்து மாறுபடுகிறவரும் அவருடைய எழுத்தைக் கற்றுக்கொண்டல்லவா மாறுபட வேண்டும்?

அழகு போதாது என்று கண்காட்சி நடத்துவோர் கூறக்கூடும். உண்மையை மறைப்பானேன்? நம் கிதாபுகள் பலவும் விரைந்து எழுதிய கையால் ஆனவை. மை பழுப்பேறியிருக்கும். பூச்சி துளைத்திருக்கும். கல்லச்சில் அடித்த பதிப்புகளோ நெருக்கியடித்த வரிகளும் ஓரங்களில் சாய்ந்தோடும் குறிப்புகளுமாக இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் இப்னு முக்லா, பேனா முனை இடும் சாய்சதுரப் புள்ளியைக் கொண்டு அலிஃபின் உயரத்தை அளந்து எழுத்துக்கு விதி வகுத்தார். அந்த அளவுகோலை வைத்தால் நம்முடையவை தோற்கும். ஆனால் அழகானவற்றை மட்டும் காட்டுவதானால் அதற்கு நகைக்கடை போதும். பண்பாடு என்று பெயரிட்டபின், அடுப்படிப் புகை படிந்த ஏட்டுக்கும் அங்கே இடம் கொடுக்க வேண்டும்.

அறிஞர்கள் செய்யவேண்டியதைச் செய்யாமல் இல்லை. 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும், 1978இல் காயல்பட்டணத்தில் கூடிய மாநாடும் இத்துறைக்கு வாசல் திறந்தன. இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் தம் வாழ்நாளை இதற்கே ஈந்தார். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் செரந்தீபிலும் தமிழகத்திலும் வழங்கிய அரபி, அர்வி, பாரசீக இலக்கியங்களைத் திரட்டி 1993இல் ஆங்கிலத்தில் பெருநூலாகத் தந்தார்கள். ஆய்வு நூலகத்தில் இருக்கிறது. மண்டபத்துக்குத்தான் வரவில்லை. அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரபிமலையாளம் இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது. 1607இல் காழி முஹம்மது யாத்த முஹ்யித்தீன் மாலையை அறியாத மாப்பிள்ளை வீடு அரிது. கொண்டோட்டியில் மோயின்குட்டி வைத்தியர் பெயரால் மாப்பிளக் கலைகளுக்கென ஓர் அகாதெமி இயங்குகிறது. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் அரபிக் கலைகளுக்கெனத் தனி மேடையே உண்டு. அவர்களுக்கு இருக்கும் மானம் நமக்கு ஏன் இல்லாது போயிற்று?

இனி நம்மை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறோம். இக்கிதாபுகளை யார் அழிக்கிறார்கள்? பகைவர் யாரும் அழிக்கவில்லை. மரியாதை அழிக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கிறார்கள், பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்குகிறது. உள்ளே உம்மும்மாவின் கிதாபுகள். படிக்க ஆளில்லை. எழுத்தோ அரபி, அல்லாஹ்வின் பெயர் எங்கு இருக்குமோ என்ற அச்சம். பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடலாகாது, குப்பையில் இடலாகாது, கால் படலாகாது. ஆகவே பயபக்தியோடு துணியில் முடிந்து கிணற்றிலோ கடலிலோ சேர்த்துவிடுகிறார்கள். அல்லது கபுரஸ்தான் மூலையில் புதைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருந்திருந்தால் பழைய புத்தகக் கடைக்குப் போய் எவனாவது ஓர் ஆராய்ச்சியாளன் கையில் சிக்கிப் பிழைத்திருக்கும். அரபி எழுத்தில் இருந்த குற்றத்துக்காக அவை நீரில் மூழ்குகின்றன. நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் இரண்டு பெட்டிகள் இவ்வாறு போயின. அவற்றில் என்ன இருந்தது என்று பின்னர் கேட்டோம். "மௌலிது கிதாபாக இருக்கும்" என்றார்கள். ஃபிக்ஹோ, வைத்தியமோ, கடல்கடந்த வணிகத்தின் கணக்கோ, அறுபது ஆண்டுக் கடிதங்களோ, யார் கண்டார்?

அக்குடும்பத்தார் நல்லவர்கள். அவர்களுடைய பிள்ளை ஒருவர் அரபிப் பேச்சு வகுப்பில் சான்றிதழ் பெற்றவர். அவருடைய வரவேற்பறையில் துருக்கியிலிருந்து வாங்கிய எழுத்தணிப் படம் ஒன்று தொங்குகிறது. பெட்டியை முடிந்து கொடுத்தவரும் அவரே.

ஆகவே கண்காட்சி நடத்தும் அன்பர்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வரும் டிசம்பரில் ஒரு சுவரை ஒதுக்குங்கள். ஒட்டகத்தின் படம் தொங்கிய சுவரே போதும். அழைப்பிதழிலேயே எழுதுங்கள்: வீட்டிலுள்ள அரபுத்தமிழ்க் கிதாபு, கடிதம், கணக்கேடு எதுவாயினும் அன்று ஒருநாள் கொண்டு வாருங்கள், மாலையில் திருப்பித் தருகிறோம் என்று. வருபவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளக் கைபேசி ஒன்று போதும். வகுப்பு நடத்துவோரிடம் கேட்பதும் அதுபோன்றதே. முதல் வாரத்தில் ஒரு மாலையை இந்தப் புள்ளிகளுக்குக் கொடுங்கள். மூங்கிற் பேனா பிடிக்கும் அந்தத் தம்பியையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த முறை வருவோரின் பெயரை எழுதும்போது ழகரம் வரும் பெயரொன்று வந்தால், ஸாதையோ லாமையோ போட்டு ஒப்பேற்றாமல், உங்கள் முன்னோர் அதற்கென ஆக்கிவைத்த எழுத்தைப் போடுங்கள்.

அவ்வெழுத்து எது என்று தெரியாவிடில் ஊரில் எழுபது வயதைக் கடந்த உம்மாமார் எவரேனும் இருப்பர். விழா அழைப்பிதழில் முதல் படி அவர்களுக்குப் போகட்டும்.